பூட்டான் படங்கள்: பார்த்துவிட்டு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

நாங்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு படம் போடுகிறோம். வாடகைக்கு ஒரு சின்ன ஹால், ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு புரொஜெக்டர், அவ்வளவுதான். உரிமை வைத்திருப்பவர்களுக்கு எழுதிக் கேட்டு, அனுமதி வந்த பிறகே திரையிடுவோம். சமீபத்தில் தொடர்ந்து சில மாதங்கள் பூட்டான் படங்களைப் போட்டோம். ஒவ்வொரு முறையும் படம் முடிந்ததும் டீ குடித்துக்கொண்டே கேட்கப்பட்ட கேள்விகள் இவை. திரும்பத் திரும்ப வருவதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பூட்டானில் சினிமா எடுக்கிறார்களா என்ன?

எடுக்கிறார்கள், ஆனால் மிகச் சமீபமாகத்தான். அங்கே மக்கள்தொகை 8 லட்சத்துக்கும் குறைவு. நம் ஊரில் ஒரு நடுத்தர நகரத்துக்குக்கூட அதைவிட அதிகம் இருக்கும். பூட்டானின் முதல் கதைப்படம் என்று சொல்லப்படும் 'காசா லாமாய் சிங்கே' 1989-ல் வந்தது. தொலைக்காட்சி அதற்கும் பிறகுதான். 1999 ஜூன் 2 அன்றுதான் அந்த நாட்டில் முதல் ஒளிபரப்பு நடந்தது. இணையமும் அதே ஆண்டில்தான் நுழைந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பூட்டான்காரர் டிவி இல்லாத நாட்டில் வளர்ந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தப் படங்களில் பல விஷயங்கள் சட்டென்று புரியும்.

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

தயங்காமல் சொல்வேன், 'லுனானா: எ யாக் இன் த கிளாஸ்ரூம்'. 2019-ல் வந்தது. இயக்குநர் பாவோ சோய்னிங் டோர்ஜி. புகைப்படக்காரராக இருந்து வந்த அவருக்கு இது முதல் படம்.

கதை எளிமையானது. உக்யென் தலைநகர் திம்புவில் இருக்கும் இளம் ஆசிரியன். அரசாங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு வேலை பாக்கி. மனசெல்லாம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, பாடகன் ஆகவேண்டும். வேலையில் அக்கறை இல்லை என்று அவனை நாட்டிலேயே மிகத் தொலைவான பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். சாலை முடிந்த பிறகு நாள்கணக்காக நடக்க வேண்டும். ஊர் இன்னும் இரண்டு மணி நேர நடையில் இருக்கும்போதே மொத்தக் கிராமமும் எதிர்கொண்டு வந்து அவனை வரவேற்கிறது. அவனோ வந்த வேகத்திலேயே திரும்பிவிட நினைக்கிறான். மறுநாள் காலை கதவைத் தட்டுகிறாள் வகுப்புத் தலைவி பெம் ஜாம். எட்டரைக்குப் பள்ளி தொடங்க வேண்டும், இப்போது மணி ஒன்பது என்று மரியாதையாகச் சொல்கிறாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாராலும் ஊர் திரும்ப முடியாது.

இரண்டு காட்சிகளைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆங்கில எழுத்துகள் சொல்லிக்கொடுக்கும்போது 'சி' என்றால் கார் என்கிறான் உக்யென். பிள்ளைகள் விழிக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடக் காரைப் பார்த்ததில்லை. உடனே பசுவுக்கு மாறிவிடுகிறான். பாடப்புத்தகத்தை எழுதியவர் எங்கே இருந்தார், படிக்கிற பிள்ளை எங்கே இருக்கிறது என்பது அந்த ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது.

இன்னொன்று, எழுதக் காகிதம் தீர்ந்துபோகும் காட்சி. அந்த ஊரில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. குளிர்காற்றுக்குத் தடுப்பாகக் காகிதம்தான் ஒட்டியிருக்கும். தன் அறை ஜன்னலில் இருந்த காகிதத்தைக் கிழித்தெடுத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கொடுக்கிறான் உக்யென். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, சோக இசையும் கிடையாது. இனி ராத்திரியெல்லாம் அவன் அறைக்குள் காற்று வீசும் என்பது நமக்குத் தெரியும், அது போதும். எங்கள் திரையிடலுக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் விளக்குப் போட்ட பிறகும் நாற்காலியை விட்டு எழவில்லை. மலைக்கிராமத்தில் முதல் வேலை, ஜன்னலுக்குச் சாக்குதான், மழை வந்தால் பிள்ளைகளை ஒரு மூலைக்கு ஒதுக்கி உட்காரவைப்பேன் என்றார். அப்புறம் வேறெதுவும் பேசவில்லை.

உண்மையிலேயே அந்த ஊரில்தான் எடுத்தார்களா?

ஆமாம். லுனானா என்பது காசா மாவட்டத்தில் பனிமலைகளுக்கு நடுவே இருக்கும் நிஜமான இடம். படக்குழுவும் நடந்துதான் போனது. கேமரா, அரிசி, மருந்து எல்லாம் கோவேறு கழுதைகளின் முதுகில். மின் இணைப்பு கிடையாது என்பதால் சோலார் தகடுகளும் பேட்டரிகளும் கொண்டு போனார்கள். வெயில் இருந்தால் சார்ஜ் ஏறும், மேகம் மூடினால் ஷூட்டிங் நிற்கும். அன்றன்று எடுத்ததைப் போட்டுப் பார்க்கும் வசதியெல்லாம் இல்லை. படத்தின் செலவு சுமார் 3 லட்சம் டாலர் என்று செய்திகளில் வந்தது. ஆஸ்கர் வரை போன படங்களின் வரிசையில் இது எவ்வளவு சின்னத் தொகை என்று சொல்லத் தேவையில்லை.

படத்தில் வெளிச்சம் ஏன் இவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். செயற்கை விளக்கு போட மின்சாரம் இருந்தால்தானே. பகலில் ஜன்னல், ராத்திரியில் அடுப்பும் விளக்கும். வசதி இல்லாததே படத்துக்கு அழகாகிவிட்டது.

அந்தப் பிள்ளைகள் நடிகர்களா?

இல்லை, அந்த ஊர்ப் பிள்ளைகள். பெம் ஜாம் தன் சொந்தப் பெயரிலேயே வருகிறாள். படத்தில் அவளுக்கு இருக்கும் வீட்டுச் சூழலும், பாட்டியோடு வளர்வது உட்பட, அவளுடைய நிஜ வாழ்க்கையிலிருந்து எடுத்ததுதான் என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் அதுவரை ஒரு சினிமாகூடப் பார்த்ததில்லை. கேமராவுக்கு முன் எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாத முகங்கள். எத்தனை பயிற்சி கொடுத்தாலும் வராத ஒன்று அது.

படத்தின் பெயரில் வரும் யாக்கும் (பனிமலைப் பகுதியில் வாழும் சடைமாடு) நிஜம்தான், பெயர் நோர்பு. அடுப்பெரிக்கச் சாணம் வேண்டும் என்பதற்காக வகுப்பறைக்குள்ளேயே கட்டிவைக்கிறார்கள். குறளில் வரும் கவரிமா இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு, அதனால் நமக்கு முற்றிலும் அந்நியமான விலங்கும் இல்லை.

ஆஸ்கரில் முதலில் நிராகரித்துவிட்டார்கள் என்கிறார்களே, ஏன்?

படத்தின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெளிநாட்டுப் படப் பிரிவுக்கு ஒரு நாடு படம் அனுப்ப வேண்டுமென்றால், ஆஸ்கர் வழங்கும் அகாடமி ஏற்றுக்கொண்ட தேர்வுக் குழு ஒன்று அந்த நாட்டில் இருக்க வேண்டும். பூட்டான் அதற்கு முன் அனுப்பிய ஒரே படம் 1999-ல் வந்த 'த கப்'. இடையில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் எதுவும் அனுப்பாததால் குழு என்று ஒன்றே இல்லை. விண்ணப்பம் போட உட்கார்ந்தால் இணையப் பட்டியலில் பூட்டான் என்ற நாடும் இல்லை, ஜோங்கா என்ற அவர்களுடைய தேசிய மொழியும் இல்லை என்று இயக்குநர் பின்னால் சொன்னார். படம் தள்ளுபடி ஆனது.

அடுத்த ஆண்டு முறையாகக் குழு அமைத்து அதே படத்தை மறுபடி அனுப்பினார்கள். 2022 பிப்ரவரியில் கடைசி ஐந்து படங்களில் ஒன்றாக வந்தது. பூட்டானுக்கு அதுதான் முதல் பரிந்துரை. விருது ஜப்பானின் 'டிரைவ் மை கார்' படத்துக்குப் போனது. என்னைக் கேட்டால், அந்த ஐந்தில் இடம் பிடித்ததைவிடப் பெரிய விஷயம், அந்தப் பட்டியலில் ஒரு மொழியின் பெயரைச் சேர்க்க வைத்தது.

அதற்கு முன் வெளிநாட்டுக்குப் போன படங்கள் என்னென்ன?

இங்கே க்யென்ட்சே நோர்புவைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. இவர் பௌத்த லாமா, பெரிய குருமரபில் வந்தவர். இத்தாலிய இயக்குநர் பெர்டோலுச்சி 'லிட்டில் புத்தா' எடுத்தபோது ஆலோசகராக உடன் இருந்தார், சினிமா ஆசை அங்கே வலுத்தது. 'த கப்' இவருடைய முதல் படம். இமாச்சலப் பிரதேசத்தில் பீர் என்ற ஊரில் உள்ள திபெத்திய மடாலயத்தில் எடுத்தது. 1998 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று துடிக்கும் குட்டித் துறவிகள், அதற்காக டிவியும் டிஷ் ஆன்டெனாவும் வாடகைக்குத் தேடி அலைகிறார்கள். நடித்தவர்கள் அந்த மடாலயத் துறவிகளே. கான் விழாவில் இயக்குநர்களுக்கான இருவாரப் பிரிவில் திரையிடப்பட்டது. கண்டிப்பாகப் பாருங்கள், சிரித்துக்கொண்டே அழவைக்கும்.

அடுத்தது 'டிராவலர்ஸ் அண்ட் மேஜிஷியன்ஸ்', 2003. முழுக்க பூட்டானுக்குள்ளேயே எடுத்த படம், ஜோங்கா மொழி. மலையூரில் வேலை பார்க்கும் ஓர் இளம் அதிகாரி அமெரிக்கா போகத் துடிக்கிறான். பஸ்ஸைத் தவறவிடுகிறான். சாலையோரத்தில் ஒரு துறவி, ஆப்பிள் விற்பவர், காகிதம் செய்கிற முதியவர், அவருடைய மகள் என்று ஒவ்வொருவராகச் சேர்கிறார்கள். துறவி கதை சொல்ல ஆரம்பிக்கிறார். கதைக்குள் கதை விரிகிறது. நம் விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வடிவம் கைவந்த ஒன்று.

2003-ல் வந்த படத்தில் நாயகன் அமெரிக்கா போக நினைக்கிறான். 2019-ல் வந்த படத்தில் ஆஸ்திரேலியா. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் ஆசை மாறவில்லை, விமானம் போகிற திசைதான் மாறியிருக்கிறது.

'த மாங்க் அண்ட் த கன்' படத்தில் வரும் மாதிரித் தேர்தல் கற்பனையா?

இல்லை, நடந்தது. பாவோ சோய்னிங் டோர்ஜியின் இரண்டாவது படம் இது, 2023. மன்னர் தானாகவே அதிகாரத்தை விட்டுக்கொடுத்து மக்களாட்சியைக் கொண்டுவருகிறார். மக்களுக்கோ அது என்னவென்றே தெரியாது. அதனால் ஒத்திகை பார்க்கிறார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வண்ணங்களில் கற்பனைக் கட்சிகள்.

நிஜத்தில் 2007 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு சுற்றாக இந்த ஒத்திகை நடந்தது. அங்கே பச்சையும் சேர்த்து நான்கு நிறங்கள். இறுதிச் சுற்றில் 47 தொகுதிகளில் 46-ஐ மஞ்சள் வென்றது. மஞ்சள் மன்னருக்குரிய நிறம். ஜனங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று விளக்கவே வேண்டாம். நிஜமான நாடாளுமன்றத் தேர்தல் 2008 மார்ச்சில் நடந்தது.

படத்தில் ஒரு காட்சி என்னை விட்டுப் போகவே இல்லை. தேர்தல் பயிற்சி கொடுக்க வந்த அதிகாரிகள் கிராமத்தாரைக் கட்சிவாரியாகப் பிரித்து நிறுத்தி, எதிர்ப்பக்கத்தைப் பார்த்து ஆவேசமாகக் கத்தச் சொல்கிறார்கள். எங்களுக்கு ஏன் இப்படி மரியாதையில்லாமல் நடந்துகொள்ளச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்கிறார் ஒரு பாட்டி. எங்கள் ஹாலில் அந்த இடத்தில் பெருஞ்சிரிப்பு எழுந்தது, பிறகு சட்டென்று அடங்கிவிட்டது.

மக்களாட்சியைக் கேலி செய்யும் படமா என்று சிலர் கோபப்பட்டார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் யாருக்கு ஓட்டு என்று சண்டை வந்து, அது பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னப் பெண்ணின் தலையில் விடிகிறது. அந்தப் பெண்ணுக்காகப் படம் கவலைப்படுகிறது. ஓட்டுரிமை வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை.

வெளிநாட்டு விழாக்களில் கொண்டாடப்படும் இந்தப் படங்களைத்தான் பூட்டான் மக்களும் பார்க்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. திம்புவில் மக்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் படங்கள் வேறு வகை. காதல், பிரிவு, மாமியார், பேய், நடுநடுவே பாட்டு. இந்திப் படங்களை வீடியோவில் பார்த்து வளர்ந்த தலைமுறை எடுத்த படங்கள், அந்தச் சாயல் நன்றாகவே தெரியும். நாட்டில் அரங்குகளும் மிகச் சில. அரங்கே இல்லாத ஊர்களுக்குப் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டும் வழக்கமும் உண்டு.

இரண்டு உலகங்களையும் நாம் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. விழாவுக்குப் போகும் படத்தில் ஒலிப்பதிவு செய்பவரும் கேமரா பிடிப்பவரும் மீதி நாட்களில் அந்தப் பாட்டுப் படங்களில்தான் பிழைக்க முடியும். ஒரு சின்ன நாட்டுச் சினிமா மூச்சு விடுவது அவற்றால்தான். அதை மட்டமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உலகிலேயே மகிழ்ச்சியான நாடு என்கிறார்கள். படத்தில் எல்லோரும் ஏன் வெளியேறத் துடிக்கிறார்கள்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. இதற்குத்தான் நான் இதையெல்லாம் எழுதவே உட்கார்ந்தேன்.

நாட்டின் மொத்த உற்பத்தியைவிட மக்களின் மகிழ்ச்சி முக்கியம் என்பது பூட்டானின் நான்காவது மன்னர் முன்வைத்த கொள்கை. அது அரசின் நோக்கம். நாட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று அதற்குப் பொருளில்லை. வெளிநாட்டுப் பார்வையாளர்கள் இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். மலை, மேகம், மடாலயம், சிவந்த கன்னம் கொண்ட குழந்தை என்று பார்த்து, ஆகா என்ன நிம்மதி என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போகிறார்கள்.

படங்களோ வேறொன்றைச் சொல்கின்றன. 'லுனானா'வில் ஊர்த்தலைவர் ஏறக்குறைய இதே வருத்தத்தை உக்யெனிடம் சொல்கிறார். உலகிலேயே மகிழ்ச்சியான நாடு என்கிறார்கள், ஆனால் உன்னைப் போன்ற படித்த பிள்ளைகள் மகிழ்ச்சியைத் தேடி வேறு நாட்டுக்குப் போகிறீர்களே என்கிறார். இது கற்பனை வசனம் இல்லை. கடந்த சில ஆண்டுகளில் ஆசிரியர்களும் செவிலியர்களும் அரசு ஊழியர்களும் பெரும் எண்ணிக்கையில் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருக்கிறார்கள். பெர்த் நகரில் இன்று பெரிய பூட்டான் சமூகமே இருக்கிறது.

படத்தின் கடைசிக் காட்சியைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். உக்யென் சிட்னியில் ஒரு மதுக்கூடத்தில் பாடுகிறான். யாரும் கவனிக்கவில்லை, அவரவர் பேச்சு அவரவருக்கு. பாட்டை நிறுத்துகிறான். ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறார்கள். கொஞ்ச நேர மௌனத்துக்குப் பிறகு லுனானாவில் கற்ற யாக் மேய்ப்பர் பாட்டைப் பாடத் தொடங்குகிறான். இந்தக் காட்சியை லண்டனில் விழாவுக்கு வந்தவர் ஒரு மாதிரி பார்த்திருப்பார். பெர்த்தில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து பார்க்கும் ஒரு முன்னாள் திம்பு ஆசிரியருக்கு அது தன் கதை. வெளிநாட்டு ரசிகர்கள் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். பூட்டான் படத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் மிக நெருக்கமான ரசிகர் பூட்டான்காரர்தான்.

நேபாளி பேசும் பூட்டான்காரர்களைப் பற்றிப் படங்கள் உண்டா?

மிகக் குறைவு, அது ஒரு பெரிய குறை. 1990-களின் தொடக்கத்தில் தெற்கு பூட்டானிலிருந்து நேபாளி பேசும் மக்கள் 1 லட்சம் பேருக்கு மேல் வெளியேறி, கிழக்கு நேபாளத்தில் அகதி முகாம்களில் வாழ்ந்தார்கள். 2007-க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். விழாக்களில் நாம் பார்க்கும் அழகான பூட்டானில் இவர்களுடைய இடம் கிட்டத்தட்டக் காலி.

விதிவிலக்காக ஒரு படம் இருக்கிறது. அருண் பட்டராயும் ஹங்கேரியைச் சேர்ந்த டொரொட்யா ஸுர்போவும் சேர்ந்து எடுத்த 'ஏஜென்ட் ஆஃப் ஹேப்பினெஸ்' என்ற ஆவணப்படம், 2024-ல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. அம்பர் என்பவர் வீடுவீடாகப் போய் மக்களின் மகிழ்ச்சியை அளக்கும் கணக்கெடுப்பாளர். கையில் 148 கேள்விகள். வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார், கல்யாணத்துக்குப் பெண் தேடுகிறார். அவருக்கே குடியுரிமை இல்லை. குழந்தையாக இருந்தபோதே பறிபோனது. மற்றவர்களின் சந்தோஷத்துக்கு மார்க் போடுகிறவரிடம், உங்கள் மார்க் என்ன என்று யாரும் அதுவரை கேட்டதில்லை. 'லுனானா' பார்த்த கையோடு இதையும் பாருங்கள். ஒன்றைப் பார்த்தால்தான் மற்றொன்று முழுமையாகும்.

பூட்டானில் தணிக்கை உண்டா?

உண்டு. க்யென்ட்சே நோர்புவின் 'ஹேமா ஹேமா' 2016-ல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவுக்குப் போனது. முகமூடி அணிந்து காட்டுக்குள் கூடுகிறவர்களின் கதை. சமய முகமூடிகளைத் தகாத முறையில் பயன்படுத்தியதாகச் சொல்லி உள்நாட்டில் அனுமதி மறுத்தார்கள். எடுத்தவர் நாடறிந்த லாமா என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பெண் இயக்குநர்கள்?

டெச்சன் ரோடரின் 'ஹனிகிவர் அமங் த டாக்ஸ்' பாருங்கள். மடத்துத் தலைவி ஒருவர் காணாமல் போகிறார், போலீஸ்காரர் ஒருவர் ஒரு பெண்ணைச் சந்தேகித்துப் பின்தொடர்கிறார், ஊரார் அவளைப் பேய் என்கிறார்கள். துப்பறியும் படமும் பழைய தேவதைக் கதையும் ஒன்றாகப் பின்னியிருக்கும். தென்கொரியாவின் புசான் திரைப்பட விழாவில் தொடங்கி பெர்லின் விழா வரை போனது. நிதானமாக நகரும், பொறுமை வேண்டும்.

நம் பக்கத்தோடு ஏதாவது தொடர்பு?

ஒன்று உண்டு. க்யென்ட்சே நோர்புவின் 'வரா: எ பிளெஸ்ஸிங்' படத்தின் மையமே பரதநாட்டியம்தான். தேவதாசியின் மகளாக ஷஹானா கோஸ்வாமி நடித்தார். சுனில் கங்கோபாத்யாயவின் வங்காளக் கதையிலிருந்து எடுத்து, இலங்கையில் படமாக்கினார்கள். 2013 புசான் விழாவின் தொடக்கப் படம். ஆங்கிலத்தில் பேசுவது எனக்கு ஒட்டவில்லை. ஆனால் நடனத்தையும் வழிபாட்டையும் காட்டிய விதத்தில் மரியாதை இருக்கிறது.

எங்கே பார்ப்பது? சப்டைட்டில் வேகம் பிடிக்க முடியவில்லையே?

ஓடிடியில் இன்று இருப்பது நாளை இருக்காது. அதனால் படத்தின் ஆங்கிலப் பெயரையும் இயக்குநர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பாவோவின் இரண்டு படங்களும் அமெரிக்காவில் அரங்குகளில் வெளியானவை என்பதால் வாடகைக்குக் கிடைக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம். பூட்டானுக்கென்றே 'சமூஹ்' என்ற ஓடிடியும் இருக்கிறது. உள்ளூர்ப் படங்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

சப்டைட்டில் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் படங்களில் வசனம் குறைவு. முதல் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டால் பிறகு படிக்கிறோம் என்பதே மறந்துவிடும். எங்கள் ஹாலில் கண் சரியாகத் தெரியாத ஒரு பெரியவருக்குப் பேரன் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். பக்கத்து வரிசைக்காரர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு அவர்களும் அவன் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டார்கள்.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

'லுனானா'வுக்கும் 'த கப்'புக்கும் தாராளமாக. ஏழு வயதுக்கு மேல் இருந்தால் உட்கார்ந்து பார்ப்பார்கள். போன முறை வந்த ஒரு சிறுமி வெளியே போகும்போது அவள் அப்பாவிடம் கேட்டது ஒரே கேள்விதான்: ஜன்னலில் மறுபடி காகிதம் ஒட்டினார்களா, இல்லையா?